டோக்கியோவில் ஒரு கணக்கு வாத்தியார்

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு ராத்திரி படியுங்கள்.

போன வாரம் ஒரு வளைகாப்பு வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து ஓரமாக உட்கார்ந்து, பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். பக்கத்தில் இருந்த நாத்தனார், "என்ன அண்ணி, சுந்தர காண்டமா?" என்று கேட்டார். "இல்லம்மா, கொலைக் கதை" என்றேன். ஒரு நிமிடம் அமைதி. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "பள்ளிக்கூடத்துல பசங்க கையில இருந்தா பிடுங்கி வைப்பீங்களே, அந்தப் புத்தகமா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் என்னிடமே படித்தவள்!

கேட்டது நியாயம்தான். எட்டாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்துக்குள் ராஜேஷ்குமார் நாவலை வைத்துப் படித்தவர்களிடமிருந்து எத்தனையோ பறித்து என் மேசை டிராயரில் போட்டிருக்கிறேன். இன்றைக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பாதியை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எனக்குப் பழக்கமானது அப்படித்தான். பறிகொடுத்தவர்கள் மன்னிக்கவும்.

இப்போது நான் படித்து முடித்தது ஒரு ஜப்பானிய நாவல். கெய்கோ ஹிகாஷினோ எழுதியது. ஆங்கிலத்தில் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' என்று பெயர். ஜப்பானில் 2005ல் வந்தது. அந்த நாட்டின் பெரிய இலக்கியப் பரிசுகளில் ஒன்றான நவோகி பரிசு இதற்குக் கிடைத்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2011ல் வந்தது. பேத்தி படித்துவிட்டு மேசையில் போட்டிருந்ததை எடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வீதம் படித்தேன். கடைசி ஐம்பது பக்கத்துக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை, வேகம் அப்படி.

எழுதியவரைப் பற்றி இரண்டு வரி. ஹிகாஷினோ 1958ல் ஒசாகாவில் பிறந்தவர். மின்பொறியியல் படித்து, ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியராக வேலை பார்த்தவர். வேலையில் இருந்துகொண்டே எழுதினார். 1985ல் எதோகாவா ரம்போ பரிசு கிடைத்தது. பிறகு வேலையை விட்டுவிட்டு டோக்கியோவுக்குப் போய் முழுநேர எழுத்தாளர் ஆனார். அந்தப் பரிசின் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் முன்னோடியான எதோகாவா ரம்போவுக்கு அது இயற்பெயர் இல்லை. எட்கர் ஆலன் போ என்ற அமெரிக்க எழுத்தாளரின் பெயரை ஜப்பானிய நாக்கில் உருட்டி வைத்துக்கொண்ட புனைபெயர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அந்த போ 1841ல் எழுதிய கதையைத்தான் நவீனத் துப்பறியும் கதைகளில் முதலாவது என்று சொல்கிறார்கள். அதன் களம் பாரிஸ். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887ல் முதன்முதலாக வந்தார். அவருடைய ஊர் லண்டன். இந்த வகைக் கதைகள் ஏன் பெரிய நகரங்களில் பிறந்தன என்று நான் யோசித்திருக்கிறேன். ஒரு கிராமத்தில் அந்நியர் பஸ்ஸை விட்டு இறங்கினால், டீக்கடை தாண்டுவதற்குள் யார் வீட்டு விருந்தாளி என்று தெரிந்துவிடும். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றே தெரியாது. லட்சக்கணக்கானவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் உரசிக்கொண்டு போகிற இடத்தில்தான் 'இவர் யார்?' என்பது ஒரு கேள்வியாகவே ஆகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு தனி ஆள் தேவைப்படுகிறார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

டோக்கியோவில் சுமிதா ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண அடுக்குமாடி. அதில் யாசுகோ என்ற பெண்ணும் அவளுடைய பள்ளி வயது மகள் மிசாட்டோவும் குடியிருக்கிறார்கள். யாசுகோ சாப்பாட்டுப் பொட்டலம் விற்கும் சிறிய கடையில் வேலை செய்கிறாள். பழைய கணவன் ஒருநாள் தேடி வந்து பணம் கேட்டு மிரட்டுகிறான். கைகலப்பில் தாயும் மகளும் சேர்ந்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள். சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். அவர் பெயர் இஷிகாமி. உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். "நான் பார்த்துக்கொள்கிறேன், நான் சொல்கிறபடி மட்டும் செய்யுங்கள்" என்கிறார்.

யார் கொன்றது என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு என்ன மர்மம் என்றுதானே கேட்கிறீர்கள்? வாத்தியார் என்ன செய்தார் என்பதுதான் மர்மம். ஆற்றங்கரையில் ஒரு உடல் கிடைக்கிறது. முகம் சிதைந்திருக்கிறது, விரல் ரேகை எரிந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு திருட்டு சைக்கிள். போலீஸ் யாசுகோவை விசாரிக்கிறது. அன்று சாயங்காலம் மகளோடு சினிமாவுக்குப் போனேன் என்கிறாள். டிக்கெட்டின் பாதி இருக்கிறது. பொய் என்று நிரூபிக்க முடியவில்லை. குசானாகி என்ற துப்பறிவாளருக்கு ஒரு நண்பர், யுகாவா. இயற்பியல் பேராசிரியர். அவரும் இஷிகாமியும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஒரு மேதை கட்டிய கணக்கை இன்னொரு மேதை அவிழ்க்கிறார்.

இஷிகாமியைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. பெரிய கணித ஆராய்ச்சியாளர் ஆகியிருக்க வேண்டிய மனிதர். குடும்பச் சூழ்நிலையால் பள்ளி வேலைக்கு வந்துவிட்டார். வகுப்பில் பாதிப் பேர் கவனிப்பதில்லை. தேறாதவர்களுக்கு மறுதேர்வு, அதிலும் தேறாதவர்களுக்கு இன்னொன்று. எப்படியாவது பாஸ் போட்டு அனுப்பிவிடு என்கிறது நிர்வாகம். இது டோக்கியோவில் மட்டும் நடக்கிற விஷயமா, நீங்களே சொல்லுங்கள்.

ஒரு பையன் எழுந்து, "நுண்கணிதம் படித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கிறான். இஷிகாமி கோபப்படவில்லை. அந்தப் பையனுக்குப் பிடித்த மோட்டார் பைக் பந்தயத்தை எடுத்து, வேகம் மாறுவதைக் கணக்கிட இதுதான் வழி என்று சொல்லிக் கொடுக்கிறார். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். "பின்னத்தைப் பெருக்கி என்ன டீச்சர் பண்ணப் போறோம்?" என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் இவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னதில்லை. "பரீட்சைக்கு வரும், போடு" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

கேள்வித்தாள் தயாரிப்பது பற்றி இஷிகாமி சொல்வதும் கதைக்கே சாவி. பார்த்தால் வடிவியல் கணக்கு போல இருக்கும், ஆனால் அது இயற்கணிதக் கணக்கு. கோணமும் முக்கோணமும் தேடிக்கொண்டிருப்பவன் விடையைத் தொடவே மாட்டான். மனப்பாடம் செய்துவிட்டு வருகிற பிள்ளையை இப்படிக் கேட்டால் சிக்கிக்கொள்வான் என்பது கணக்கு டீச்சர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் போலீசையே அப்படிச் சிக்கவைக்கலாம் என்று நமக்குத் தோன்றியதில்லை!

இதுவரை சொன்னது, படிக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து. இனி கதையின் முடிவைச் சொல்லாமல் என் கருத்தைச் சொல்ல முடியாது. ஆகவே புத்தகத்தைப் படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்து முடித்ததும் வாருங்கள். பதிவு எங்கேயும் போகாது. மற்றவர்கள் தொடருங்கள்.

யாசுகோவும் மகளும் கொலை செய்தது மார்ச் 9ஆம் தேதி. போலீஸ் அவர்களைக் கேட்டதெல்லாம் மார்ச் 10ஆம் தேதி எங்கே இருந்தீர்கள் என்று. அந்த நாளில் அவர்கள் உண்மையாகவே சினிமாவுக்குப் போயிருந்தார்கள். அதனால்தான் அவர்கள் சொன்னதில் ஓட்டை இல்லை. அப்படியானால் ஆற்றங்கரையில் கிடைத்த உடல் யாருடையது? அது பழைய கணவன் இல்லை. சுமிதா ஆற்றோரம் வீடில்லாமல் தங்கியிருந்த ஒருவர். இஷிகாமி அவரிடம் ஒரு சின்ன வேலை இருப்பதாகச் சொல்லிப் பணம் கொடுத்து, இறந்தவனின் துணியைப் போடவைத்து, இறந்தவன் தங்கியிருந்த அறையில் இருக்கவைத்து, மறுநாள் இரவு கொன்றுவிடுகிறார். யாசுகோ செய்த கொலையை மறைக்க, அவளுக்கே தெரியாமல் இன்னொரு கொலை. கடைசியில் தானே குற்றவாளி என்று போலீசில் சரணடைகிறார். அவர் சொல்வதில் பொய்யும் உண்டு, உண்மையும் உண்டு. கொலை செய்தவர்தானே அவர்.

இந்தக் கதை ஜப்பானில் 2008ல் படமானது. 2012ல் கொரியாவிலும், 2017ல் சீனாவிலும் எடுத்தார்கள். 2023ல் இந்தியில் 'ஜானே ஜான்' என்று வந்தது. அதில் கதையை மலை ஊரான காலிம்போங்குக்கு மாற்றிவிட்டார்கள். நம் வீட்டிலேயே பல பேர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன ஒரு காதல்! ஒரு பெண்ணுக்காக இப்படியும் ஒருத்தன் தியாகம் செய்வானா!" என்று உருகினார்கள். புத்தகம் படித்த பேத்தியும் கடைசிப் பக்கத்தில் அழுததாகச் சொன்னாள்.

எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை. இஷிகாமி ஒரு காலத்தில் தூக்கு மாட்டிக்கொள்ளத் தயாராக நின்றவர். அந்த நேரத்தில் அழைப்பு மணி அடிக்கிறது. புதிதாகக் குடிவந்த தாயும் மகளும் வணக்கம் சொல்ல வந்திருக்கிறார்கள். அந்த இரண்டு முகங்களைப் பார்த்து அவர் பிழைத்துக்கொள்கிறார். அந்த நன்றிக்காகத்தான் எல்லாம். யாருக்குத்தான் மனம் இளகாது?

ஆனால் புத்தகத்தை மூடிவைத்த பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த ஆற்றங்கரை மனிதர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லையே? அவருக்காக யார் அழுதார்கள்?

கதையின் முதல் பக்கங்களுக்குத் திரும்பிப் போனேன். அவர் அங்கேயே இருக்கிறார். இஷிகாமி காலையில் ஆற்றோரமாகப் பள்ளிக்கு நடந்து போகிறார். நீல நிற பிளாஸ்டிக் விரிப்பில் குடில் போட்டவர்கள், காலி டின்களை நசுக்கிச் சேர்ப்பவர் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகிறார். அவர்களில் ஒருவர் புதிதாக வந்தவர். இன்னும் குடில் போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தொழில்துறைப் பத்திரிகை படிக்கிறார். மறுபடி வேலை கிடைக்கும் என்று நம்புகிற மனிதர். இஷிகாமி அவருக்கு மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் 'இன்ஜினியர்'. இவ்வளவுதான். அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கடைசி வரை தெரியாது.

இந்தப் புத்தகம் வந்தபோது ஜப்பானிய விமர்சகர்களுக்குள் ஒரு சண்டையே நடந்ததாம். வாசகர் கண்டுபிடிக்கும்படி போதுமான தடயம் கொடுக்கவில்லை, ஆகவே இது முறையான புதிர்க்கதை இல்லை என்று சிலர். இல்லை, கொடுத்திருக்கிறார் என்று சிலர். கணக்கு டீச்சராக என் தீர்ப்பு: கேள்வியில் எல்லா விவரமும் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த நாள்களில் அதே வழியாக இஷிகாமி நடக்கும்போது அவர் அங்கே இல்லை. நாம்தான் கவனிக்கவில்லை. 'ஆற்றங்கரையில் இருக்கிற ஏழைகள், சும்மா ஊரைக் காட்டுவதற்காக எழுதியிருக்கிறார்' என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டோம். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விடை எழுதுகிற பிள்ளை மாதிரி.

என் கருத்து இதுதான். இது காதல் கதை என்று சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறார்கள். இஷிகாமியின் திட்டம் ஒரே ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது. டோக்கியோ போன்ற மாநகரத்தில் ஒரு வீடில்லாத மனிதர் காணாமல் போனால் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். தேட மாட்டார்கள். திட்டம் பலித்தது. ஏனென்றால் அவர் நினைத்தது சரி.

ஜப்பானில் 1990களில் பொருளாதாரம் சரிந்து, ஆயுசுக்கும் வேலை என்று இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2003ல் அரசாங்கம் நாடு முழுக்க வீடில்லாதவர்களைக் கணக்கெடுத்தபோது 25,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது தெரியுமா? அதிகாரிகள் பூங்கா, ஆற்றோரம், ரயில் நிலையம் என்று போய்க் கண்ணால் பார்த்து எண்ணுவார்கள். இப்போது அந்த எண் 3,000க்கும் கீழே வந்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் கண்ணில் பட்டவர்கள்தான் கணக்கில் வருவார்கள். இந்த நாவல் அந்தக் காலத்து ஆற்றங்கரையில்தான் நடக்கிறது. இதைக் காலிம்போங்குக்கு மாற்றியதில் எனக்குச் சம்மதம் இல்லாததற்குக் காரணமும் இதுதான். பக்கத்து வீட்டு ஆளையே தெரியாத ஊர் இந்தக் கதைக்கு வேண்டும்.

"கதைதானே டீச்சர், இவ்வளவு யோசிக்கணுமா?" என்று கேட்பீர்கள். இஷிகாமி கெட்டவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது. இரண்டு பேரிடம் அவ்வளவு அன்பு வைத்த மனிதர், தினமும் பார்த்த மூன்றாவது மனிதரை ஒரு கணக்கில் போடுகிற எண்ணாக எடுத்துக்கொண்டார். அன்பு வைத்தவர்களுக்காக என்று சொல்லிக்கொண்டு நாம் எல்லோரும் சின்ன அளவில் இதைச் செய்கிறோம். யுகாவா இதை விடவில்லை என்பது எனக்கு ஆறுதல். நண்பன் என்று தெரிந்தும், மனம் உடைந்தும், உண்மையைச் சொல்லிவிடுகிறார். உலகத்தில் வேண்டாத பல்சக்கரம் என்று ஒன்று கிடையாது என்ற பொருளில் அவர் பேசும் இடம் ஒன்று உண்டு. இஷிகாமியை நினைத்துத்தான் அவர் அதைச் சொல்கிறார். எனக்கு அந்த இன்ஜினியர்தான் ஞாபகம் வந்தார்.

இப்போது சொல்ல வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நீளம்.

பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்புக்கு நடுவருடத்தில் ஒரு பையன் சேர்ந்தான். அப்பா அம்மா கட்டட வேலைக்காக ஊருக்கு வந்தவர்கள். ஜன்னல் ஓரம், கடைசி பெஞ்ச். யாரோடும் அதிகம் பேச மாட்டான். ஆனால் கணக்கில் கெட்டி. சதவீதக் கணக்கை வாயிலேயே போடுவான். நாலைந்து மாதம் வந்தான். பிறகு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் தினமும் அவன் பெயருக்கு நேரே 'வ' போடாமல் சுழி போட்டுக்கொண்டே வந்தேன். கட்டடம் முடிந்து வேறு ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் அனுப்பி விசாரிக்கவில்லை. அடுத்த வருடப் பதிவேடு எழுதும்போது அவன் பெயரை எழுதவில்லை. அவ்வளவுதான். வகுப்பில் ஒரு பிள்ளைகூட "அவன் எங்கே டீச்சர்?" என்று கேட்கவில்லை. கேட்கும்படி நான் உங்களை வளர்க்கவில்லை.

புத்தகத்தை மூடிய ராத்திரி அவன் முகம் ஞாபகம் வந்தது. நெற்றியில் ஒரு தழும்பு, பெரிய அளவில் ஒரு காக்கி டிராயர், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பெயர் மட்டும் வரவில்லை. விடியும் வரை யோசித்தேன். என் வகுப்புகளில் படித்தவர்கள் பெயரெல்லாம் இனிஷியலோடு சொல்லுவேன் என்று பெருமை பேசுகிறவள் நான்.

அவன் எங்கேயோ நன்றாக இருக்கலாம். இன்றைக்கு நாற்பதைத் தாண்டியிருப்பான். கான்ட்ராக்டராகக்கூட இருக்கலாம். ஆனால் இருக்கிறானா என்று விசாரிக்கும் பொறுப்பு அன்று எனக்கு இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டுதானே அந்தப் பதிவேட்டை எழுதினேன்.

நாத்தனாருக்கு இதுதான் என் பதில். சுந்தர காண்டமும் படிக்கிறேன் அம்மா. அதுவும் காணாமல் போன ஒருத்தரைத் தேடிப் போகிற கதைதான். இந்தக் கொலைக் கதையில் தேடப்படாத ஒருவர் இருக்கிறார். இரண்டையும் படிக்கலாம், தப்பில்லை.

இன்று ஆசிரியர் வேலையில் இருக்கிற என் மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்வேன். மூன்று நாள் தொடர்ந்து ஒரு பிள்ளை வரவில்லை என்றால், நான்காம் நாள் போன் செய்யுங்கள். போன் எடுக்கவில்லை என்றால் நேரில் போங்கள். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். நகரமோ கிராமமோ, ஒரு ஆளாவது 'அவன் எங்கே?' என்று கேட்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு: பிள்ளை துப்பறியும் கதை படித்தால் பிடுங்காதீர்கள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "செத்துப்போனவர் யார்? அவரைப் பற்றிச் சொல்லு." கொலையாளியைப் பற்றி எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். இதற்குப் பதில் வருகிறதா பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த ஏழாம் வகுப்பில் படித்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வேப்பமரத்தடியில் வகுப்பு நடந்த வருடம் என்றால் உங்களுக்கே தெரியும். ஜன்னல் ஓரம், கடைசி பெஞ்ச், நெற்றியில் தழும்பு. அவன் பெயர் யாருக்காவது ஞாபகம் இருந்தால் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். பெயர் மட்டும் போதும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்